பசுமை மாளிகையும் தோட்டத்து லயமும்

கட்டடக் கலை உலகில் ஒரு புதிய கொள்கை இப்பொழுது பெருமதிப்போடு உலாவி வருகின்றது. மனிதன் இயல்பிலேயே உயிர்களின் மீது பற்றுடையவன் என்றும், ஆகையால் அவன் வசிக்கும் வீடும் உழைக்கும் நிலையமும் வெயிலையும் காற்றையும் நீரையும் செடி கொடிகளையும் தம்முள் ஏற்றுக்கொண்டு அமைய வேண்டும் என்றும், அங்ஙனம் அமைந்தால் நோயும் மனச்சோர்வும் குறைந்து மின்சாரச் செலவும் சுருங்கும் என்றும் இக்கொள்கையினர் கூறுகின்றனர். அமெரிக்க உயிரியல் அறிஞர் எட்வர்டு வில்சன் 1984-இல் 'பயோஃபிலியா' என்னும் நூலை வெளியிட்டார். உயிர்ப்பற்று என்பது அச்சொல்லின் பொருள். பின்னர் ஸ்டீபன் கெல்லர்ட் முதலியோர் அக்கருத்தைக் கட்டடங்களுக்குரிய ஓர் இலக்கணமாகவே விரித்து எழுதினர். இன்று உயர்ந்த மாளிகை எழுப்புவோர் யாவரும் இவ்விலக்கணத்தின் பெயரைச் சொல்லாமல் வரைபடத்தை விரிப்பதில்லை.

இக்கொள்கையைப் பழிப்பது நம் நோக்கமன்று. மூடிய அறையில் செயற்கைக் குளிரில் பகல் முழுவதும் அடைபட்டுக் கிடப்பதைவிடச் சூரிய வெளிச்சத்தில் இருந்து வேலை செய்வது நல்லது என்பதை யார் மறுப்பர்? ஆயினும் எந்தக் கொள்கை வந்தாலும், அது யாருக்காகச் சொல்லப்படுகின்றது, யாரை வெளியே நிறுத்திவிடுகின்றது என்று கேட்ட பின்னரே ஏற்பது அறிவுடையோர் வழக்கமாதல் வேண்டும். அச்சோதனைக்கு நாம் இலண்டனையோ நியூயார்க்கையோ தேடிப் போகவில்லை. சிலாங்கூரின் வடகோடியில், பேரா எல்லையையொட்டி, ஒரு மரத்தின் பெயரையே தன் பெயராகத் தாங்கி நிற்கும் கலும்பாங் என்னும் சிற்றூரையும், அங்கிருந்து மேற்கே கோலசிலாங்கூர்க் கடற்கரை வரையில் பரந்து கிடக்கும் தோட்டங்களையும் உரைகல்லாக எடுத்துக்கொள்கின்றோம்.

முதலில் அக்கொள்கைக்குரிய சான்றைப் பார்ப்போம். இக்கொள்கையினர் எல்லோரும் எடுத்துக் காட்டுவது ராஜர் உல்ரிச் என்பார் 1984-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 1972 முதல் 1981 வரையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட நோயாளிகளின் குறிப்பேடுகளை அவர் ஆராய்ந்தார். ஜன்னல் வழியே மரங்களைக் காணக்கூடிய அறையில் கிடந்தோர் 23 பேர்; செங்கற் சுவரையே காணக்கூடிய அறையில் கிடந்தோர் 23 பேர். மரத்தைக் கண்டவர் சுவரைக் கண்டவரைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்தையும் குறைவாகவே உட்கொண்டனர். நாற்பத்தாறு பேரைக் கொண்டு மனித குலம் முழுவதற்கும் முடிவு கூறுவது மிகையேயாம். எனினும் ஆராய்ச்சி நேர்மையானது. அதன் போக்கும் நம்பத்தக்கது.

அப்படியானால் நாம் ஒன்று கேட்கின்றோம். மரத்தைக் காண்பதுதான் மனித நலத்தின் திறவுகோல் என்றால், உலகிலேயே நலமிக்கவனாக வாழ்ந்திருக்க வேண்டியவன் யார்? தோட்டத் தொழிலாளியன்றோ! வடசிலாங்கூர்த் தோட்டத்தில் பிறந்த பாட்டாளி கண்ணை விழித்தால் மரம். கதவைத் திறந்தால் மரம். வேலைக்குப் போனால் மரம். செத்தால் அடக்கம் செய்யப்படுவதும் மரத்தடியிலேதான். பால்மரத்தின் நிழலில் மூன்று தலைமுறை வாழ்ந்தான். இப்பொழுது செம்பனையின் நிழலில் அவன் வழி வந்தோர் சிலரும், பிற தேசங்களிலிருந்து வந்தோர் பலரும் வாழ்கின்றனர். அமெரிக்க நோயாளிக்கு ஜன்னல் வழியே காணக் கிடைத்த சில மரங்கள் செய்த நன்மையை, இவனைச் சூழ்ந்து நின்ற இலட்சம் மரங்கள் ஏன் செய்யவில்லை?

இக்கேள்விக்கு விடை மரத்தில் இல்லை, லயத்தில் இருக்கின்றது.

பழைய லயத்தின் அமைப்பை நம் பெரியோர் அறிவர். இளைஞர் அறிந்துகொள்ளுதல் நலம். ஒரே நீண்ட கூரை. அதன்கீழ் பத்துப் பன்னிரண்டடி அளவான அறைகள் வரிசை வரிசையாக. கூலியை மிச்சம் பிடிக்கும் துரைமார் இரண்டு வரிசைகளை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டினர். முன்புறம் ஒரு கதவு. பின்புறம் அடுத்த குடும்பத்தின் சுவர். ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியேற வழியேது? அறைக்குள்ளேயே அடுப்பு மூட்டினால் புகை தங்கும். திண்ணையில் மூட்டினால் மழை நனைக்கும். மேலே துத்தநாகத் தகடு போட்டால் பகலில் உலை. மழை பெய்தால் பறை. ஓர் அறைக்கும் மறு அறைக்கும் இடையே நின்ற தடுப்பு கூரையை எட்டாமையால், கணவன் மனைவி பேச்சும் குழந்தையின் அழுகையும் லயம் முழுவதற்கும் பொதுச் சொத்து. போதாக்குறைக்குச் சில தோட்டங்களில் சாதி பார்த்து லயம் பிரித்த கொடுமையும் நடந்தது. கப்பலேறிக் கடல் கடந்து வந்தவன் சாதியை மட்டும் நாகப்பட்டினத்திலேயே இறக்கி வைக்க மறந்துவிட்டான்!

இத்தகைய அறையில் வாழ்ந்தவன் விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். வெளிச்சம் வரும்போது அவன் வீட்டில் இல்லை. வீட்டில் இருக்கும்போது வெளிச்சம் இல்லை. அவனைச் சூழ்ந்த மரங்களோ அணிவகுத்த பட்டாளத்தைப்போல் கோடு பிடித்து நின்றவை. ஒவ்வொன்றும் அன்றைய கூலிக் கணக்கின் ஓர் இலக்கம். தான் நட்டாலும் தனதல்லாத மரம், தான் வெட்டினாலும் தனதல்லாத பால். இவனுக்கு மரம் இயற்கைக் காட்சியன்று, வேலைத்தலம். ஜன்னலின் வழியே பார்க்கும்போது மனத்தை ஆற்றுகின்ற பச்சை, சம்பளத்துக்கு அடிமைப்பட்டு அதனுள்ளே நிற்கும்போது அச்சுறுத்தும் பச்சையாகிவிடுகின்றது. உயிர்ப்பற்றுக் கொள்கையினரின் நூல்களில் நாம் காணாத அத்தியாயம் இதுவே. கண்ணுக்கும் மரத்துக்கும் உள்ள உறவை அளந்தார்கள். மனிதனுக்கும் மரத்துக்கும் இடையே நிற்கும் உடைமையை அளக்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. இக்கொள்கையினர் இயற்கையை எப்பொழுதும் தாயாகவே பாடுகின்றனர். தோட்டம் கண்டவன் அப்படிப் பாடமாட்டான். 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சிலாங்கூரில் மலைக்காய்ச்சலை எதிர்த்துச் செய்த வேலை உலகப் புகழ் பெற்றது. கடலோரச் சமவெளியில் மலைக்காய்ச்சலைப் பரப்பிய கொசு, நிழல் படிந்த சதுப்புத் தேக்கங்களில் பிறப்பது. காட்டை வெட்டி வடிகால் தோண்டினால் ஒழிந்தது. உள்நாட்டு மலைப்பாங்கான தோட்டங்களிலோ அதே வைத்தியம் நஞ்சாயிற்று. அங்குள்ள கொசு வேறு இனம். வெயில் பட்டு ஓடும் தெளிந்த மலையோடைகளில் அது பெருகுவது. காட்டை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியதே அதற்கு விருந்தாயிற்று. ஆகவே நிலத்தடியில் குழாய் பதித்து ஓடையை மறைக்கவும், எண்ணெய் தெளிக்கவும் நேர்ந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் பெரிது. சமவெளிக்கு வெயில் மருந்து. மலைக்கு நிழல் மருந்து. இயற்கையைப் போற்றிப் பாடியவரோ, இயற்கையைப் பகைவனென்று வெட்டி வீழ்த்தியவரோ இவ்வுண்மையைக் காணவில்லை. ஓடையோரம் குனிந்து புழுவை எண்ணியவரே கண்டார். வீட்டை எங்கே கட்டுவது, ஓடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கட்டுவது, எந்த மரத்தை நிறுத்துவது, எதை நீக்குவது என்பனவெல்லாம் அறிவின் வினாக்கள். இயற்கையோடியைந்த வீடு என்பதற்கு இயற்கையை அறிந்த வீடு என்பதைத் தவிர வேறு பொருள் இருக்க முடியாது.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் எழுந்து, "இவையெல்லாம் மனையடி சாஸ்திரத்திலே முன்னமே உண்டு" என்று மார்தட்டுவர். காற்றும் வெயிலும் வரும் திசையை நம் பழங்கொத்தர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அறையின் நீளம் இத்தனை அடியானால் தனலாபம், அத்தனை அடியானால் மரணம் என்று பலன் எழுதி வைத்த சாஸ்திரத்துக்கும் காற்றோட்டத்துக்கும் என்ன உறவு? கலும்பாங் பூமத்திய ரேகையிலிருந்து நாலு பாகைக்குள் இருக்கும் ஊர். அங்கே சூரியன் வீட்டின் உச்சி மீதே ஏறி இறங்குகின்றான். ஆகவே கூரையே வீட்டின் முதற் குடை. கிழக்கு மேற்குச் சுவர்களுக்கு நிழல் வேண்டும். அகன்ற இறவாணம் வேண்டும். இதற்கு வாஸ்து புருஷனை எழுப்பித் தலை எங்கே கால் எங்கே என்று விசாரிக்க வேண்டியதில்லை. அயல் கம்பத்து மலாய்க்காரர் வீட்டை எட்டிப் பார்த்தால் போதும்.

அந்த வீட்டைப் பற்றி லிம் ஜீ யுவான் என்பார் 1987-இல் 'மலாய் வீடு' என்ற ஒரு நல்ல நூல் எழுதியுள்ளார். தூண்களின் மேல் உயர்த்திய தளம், அடியில் ஓடும் காற்று, தரையிலிருந்தே தொடங்கும் நெடிய ஜன்னல், வெப்பத்தை உள்ளே விடாத அத்தாப்புக் கூரை, குடும்பம் பெருகும்போது சேர்த்துக் கட்டக்கூடிய அமைப்பு, சுற்றிலும் தென்னையும் பழமரமும் என அதன் சிறப்புகளை வரைபடங்களோடு விளக்கியுள்ளார். நாம் அதில் காணும் உண்மை இன்னொன்று. லயமும் சில காலம் அத்தாப்பினாலேயே வேயப்பட்டது. சில இடங்களில் தூண்மேலும் நின்றது. அத்தாப்பு ஒன்று, மழை ஒன்று, வெயில் ஒன்று. பின் வேற்றுமை எங்கிருந்து வந்தது? கம்பத்து வீட்டைக் கட்டியவன் அதிலே வசிக்கப் போகிறவன். லயத்தைக் கட்டியவன் அதில் ஒரு நாளும் படுக்கப் போகாதவன். இதுவே கட்டடக் கலையின் முதல் விதி என்று நாம் சொல்லத் துணிகின்றோம்.

கலும்பாங்குக்குத் தெற்கே கோலகுபு பாரு என்னும் அழகிய ஊர் இருக்கின்றது. பழைய கோலகுபு 1883-இல் அணை உடைந்து அழிவு கண்டது. பின்னர் ஈயச் சுரங்கங்களின் மணல் ஆற்றில் படிந்து, ஆற்றின் மட்டம் உயர்ந்து, வெள்ளத்துக்கு மேல் வெள்ளம் வந்தது. ஊரையே மேட்டுக்கு மாற்ற முடிவு செய்தபோது, அரசாங்க நகரமைப்பு அதிகாரியாக 1921-இல் மலாயாவுக்கு வந்த சார்லஸ் ரீட் என்பவர், இங்கிலாந்தில் எபினேசர் ஹவார்டு பரப்பிய பூங்கா நகரக் கொள்கையின்படி புதிய ஊருக்குத் திட்டம் வகுத்தார். கடைத்தெருவுக்கும் குடியிருப்புக்கும் இடையே பசும்புல் வெளி, மரங்கள், வளைந்து செல்லும் சாலைகள். இன்றும் அங்கே போகிறவர் மனம் குளிர்ந்து திரும்புவர்.

நாமும் குளிர்கின்றோம். ஆயினும் அவ்வூர் எழுந்த 1920-களின் இறுதியிலும் 1930-களிலும், அதைச் சூழ்ந்த தோட்டங்களில் லயம் எப்படியிருந்தது என்ற நினைவு வந்து குளிர்ச்சியைக் கெடுக்கின்றது. உத்தியோகஸ்தனுக்கும் வியாபாரிக்கும் பசும்புல் வெளி வேண்டும் என்று அறிந்த அதே அரசாங்கம், சில கல் தொலைவிலிருந்த தொழிலாளிக்குப் பின்ஜன்னல் வேண்டும் என்று அறியாமலா இருந்தது? அறிந்திருந்தது, சட்டமும் எழுதியது, தொழிலாளி குடும்பத்துக்குக் காய்கறி பயிரிடத் துண்டு நிலம் ஒதுக்க வேண்டும் என்றும் அதில் கூறியது. ஆனால் பூங்கா நகரம் அரசாங்கத்தின் மண்ணில் எழுந்தது. லயமோ துரையின் மண்ணில் நின்றது. சட்டம் தோட்டத்து வாசல் வரை வந்து, துரையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றியது!

அத்தொழிலாளி தனக்கு எது நலம் என்று அறியாதவனா? 1941-இல் கிள்ளான் பகுதியில் தொடங்கிக் கோலசிலாங்கூர் வரையில் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வோடு, வைத்திய வசதி, கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றையும் கேட்டனர். உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும் என்று கேட்டனர். துரையின் முன்னே சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையையும் கேட்டனர். ஆர். எச். நாதன் சிறைப்பட்டார்; பட்டாளம் வந்தது; துப்பாக்கி வெடித்தது. மனித நலத்தைப் பற்றி எழுதும் அறிஞர்களுக்கு அக்கோரிக்கைப் பட்டியலை நாம் சிபாரிசு செய்கின்றோம். தன் வீட்டுக்குத் தன் அண்ணன் வர, இன்னொருவன் அனுமதி வேண்டுமென்றால், அந்த வீட்டு முற்றத்தில் எத்தனை பூச்செடி வைத்தால்தான் என்ன?

பழங்கதையை விட்டு இக்காலத்துக்கு வருவோம். மலேசியாவின் பசுமைக் கட்டடங்களிற் சிலவற்றைப் பார்க்கச் சிலாங்கூரின் தென்பகுதிக்கும் அதையொட்டிய புத்ராஜெயாவுக்கும் செல்ல வேண்டும். சுபாங் ஜெயாவில் 1992-இல் முடிந்த மெனாரா மெசினியாகா, கென் யாங் அமைத்த பதினைந்து மாடிக் கட்டடம். மண்மேட்டிலிருந்து செடிகள் சுற்றிச் சுற்றி மேலேறுகின்றன. வெயில் தாக்கும் பக்கங்களில் நிழல் தகடுகள். மின்தூக்கி நிற்கும் கூடமும் மாடிப்படியும் கழிப்பறையும்கூட இயற்கைக் காற்றும் வெளிச்சமும் பெறுகின்றன. 1995-இல் அதற்கு ஆகாகான் பரிசு கிடைத்தது. தகுதியான பரிசுதான். முதுகொட்டிய லயத்தில் படுக்கையறைக்குக் கிட்டாத காற்று, இங்கே கழிப்பறைக்கும் கிட்டிற்று என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்கின்றோம்.

புத்ராஜெயாவில் 2010-இல் எழுந்த எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் இன்னும் நுட்பமானது. கீழே குறுகி மேலே அகன்று, தன் நிழல் தன் மேலேயே விழும்படி சாய்ந்து நிற்கின்றது. நடுமுற்றத்தின் வழியே பகல் வெளிச்சம் கீழ்த்தளம் வரை இறங்குகின்றது. இரவில் தளத்தினுள் குளிர்நீரை ஓட்டிப் பகலில் அக்குளிர்ச்சியை அனுபவிக்கின்றனர். சாதாரணக் காரியாலயக் கட்டடத்தின் மின்செலவில் பாதிக்கும் குறைவே அதற்குப் போதுமாகின்றது. அறிவின் வெற்றி என்றே நாம் அதைப் பாராட்டுகின்றோம்.

ஆனால் அக்கட்டடம் நிற்கும் நகரம் எந்த மண்ணில் எழுந்தது? முதல் உலகப் பெரும்போரில் பணிபுரிந்து திரும்பிய ஆங்கிலேயர் 1921-இல் தொடங்கிய பேராங் புசார் தோட்டத்திலும் அதன் அயல் தோட்டங்களிலும் எழுந்தது. 1990-களில் நகரம் வந்தது, ஏரி வெட்டப்பட்டது, பூங்காக்கள் மலர்ந்தன. நான்கு தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டன. அந்த அடுக்குமாடியில் சுவர் வெடித்தது. வசிப்போர் தமக்கு உறுதி கூறப்பட்ட தரைவீட்டுக்காக ஆண்டுக்கணக்காய்ப் போராட நேர்ந்தது. ஒருபுறம் தன் நிழலைத் தானே அளந்து கட்டிய வைரம். மறுபுறம் தன் பாரத்தையே தாங்காத சுவர். இரண்டும் ஒரே காலத்தில், சில கல் தூரத்தில், ஒரே தேசத்துப் பொறியியல் அறிவிலிருந்து பிறந்தவை. அறிவுப் பஞ்சம் என்று எவரும் சொல்ல இயலாது.

வடசிலாங்கூரின் கதையும் இதன் தம்பியே. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தனர். அண்மையில்தான் 245 வீடுகளுக்கான திட்டம் அரசாங்கத்தின் கணக்கில் ஏறிற்று. தோட்டத்தில் இன்று உழைப்போரிற் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா முதலிய தேசத்தவர். தொழிலாளர் குடியிருப்புக்குரிய குறைந்தபட்சத் தரங்களை வகுத்த சட்டம் 1966-இல் வந்தது; 1990-இல் புதிய சட்டமாயிற்று; 2019-இல் திருத்தப்பட்டு எல்லாத் தொழில்களுக்கும் விரிந்தது. அதன் விதிகளின்படி பொதுக் கூடத்தில் உறங்கும் தொழிலாளி ஒருவனுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் இடம் வேண்டும். ஒரு பாயும் ஒரு பெட்டியும் வைத்தால் நிறைந்துவிடும் இடம். நம் பாட்டன் பட்டது நம்மோடு தொலைந்தது என்று எண்ணி, அவன் கிடந்த இடத்தில் இன்று கிடக்கும் வங்காளியை நாம் பாராமல் போவோமானால், சுயமரியாதை என்ற சொல்லை உச்சரிக்கும் யோக்கியதை நமக்கு இல்லை.

எனவே உயிர்ப்பற்றுக் கொள்கையினரை நோக்கி நாம் கூறுவது இதுதான். உங்கள் கொள்கை பொய்யன்று, பாதி உண்மை. காற்றும் வெளிச்சமும் மரமும் மனிதனுக்கு வேண்டும் என்றீர்கள், மிக நன்று. அந்த ஜன்னலைத் திறப்பதும் சாத்துவதும் யார் கையில் இருக்கின்றன? அந்த மரத்தின் கனியை உண்பவர் யார்? நாளைக்கு வெளியேறு என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் உள்ளது? வரைபடம் வரையும்போது வசிக்கப் போகிறவனை ஒரு வார்த்தை கேட்டீர்களா? இக்கேள்விகளையும் உங்கள் அளவுகோலில் சேர்த்துக்கொண்டு கட்டடங்களுக்கு மதிப்பெண் போடுங்கள். அப்பொழுது வைர மாளிகைக்கு எத்தனை, டெங்கில் அடுக்குமாடிக்கு எத்தனை என்று உலகம் தெரிந்துகொள்ளட்டும்.

நம் பக்கத்துச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஐந்து தோட்டத்து வீடுகளுக்காகப் பணம் ஒதுக்கப்பட்டதும் கடமை முடிந்ததென்று மாலையை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். வரைபடத்தைக் கேளுங்கள். முன் ஜன்னலுக்கு எதிரே பின் ஜன்னல் உண்டா என்று பாருங்கள். கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் தட்டு உண்டா, இறவாணம் போதிய அகலமா, முருங்கையும் கறிவேப்பிலையும் வைக்க முற்றம் உண்டா என்று விசாரியுங்கள். மனையடி பார்க்க ஒருவரை அழைப்பதற்கு முன் இவற்றைப் பார்க்க ஒரு பொறியியலாளரை அழையுங்கள். பத்தடி அறையில் பத்துப் பேர் கிடந்த குடும்பத்தின் பேத்தி, தன் சொந்த ஜன்னலைத் தன் கையால் திறந்து, தான் நட்ட மரத்தைத் தானே பார்க்கும் நாளில், நாமும் இக்கொள்கையினரோடு சேர்ந்து இயற்கையின் புகழைப் பாடுவோம். அதுவரையில் நமக்குப் பாட்டைவிடக் கேள்வியே பயன்படும்.